நூலக முற்றத்துக்கு எது பொருந்தும்: புல்தரையா, காமாஸ் வெளியா, மழைத்தோட்டமா?

கனடாவின் விக்டோரியா நகரம் இருப்பது லெக்வுங்கன் மக்களின் நிலத்தில். சோங்கீஸ், எஸ்குவைமால்ட் சமூகங்கள் அவர்களின் வழிவந்தவை. அங்கே ஒரு பொது நூலகத்துக்கு முற்றம் அமைப்பதானால், படம் வரையும் முன்பே அவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இங்கே விளைவதை நீங்கள் அறுவடை செய்வீர்களா? பதிலைப் பொறுத்துத்தான் எதை எங்கே வைப்பது என்பது முடிவாகும்.

புல்தரை போடுவது எளிது, குழந்தைகள் ஓடலாம். ஆனால் விக்டோரியாவில் மழை குளிர்காலத்தோடு சரி; ஜூலையில் தண்ணீர் விடாவிட்டால் காய்ந்துவிடும், விட்டால் பக்கத்திலிருக்கும் கேரி ஓக் மரங்களின் வேர் அழுகும். கதை சொல்லும் இடத்துக்கு ஒரு துண்டு போதும்.

காமாஸ், ஊதாநீலப் பூ பூக்கும் குமிழ்க்கிழங்குச் செடி. லெக்வுங்கன் பெண்கள் தலைமுறைகளாகக் களையெடுத்து, தீயிட்டுப் பேணிய உணவுப்பயிர். கோடையில் தானே உறங்கிவிடுவதால் பாசனம் வேண்டாம். பழைய புல்லைக் கறுப்புத் தார்ப்பாயால் ஒரு கோடை முழுக்க மூடிச் சாகடித்துவிட்டு, இலையுதிர் காலத்தில் கிழங்குகளை 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில், சதுர மீட்டருக்கு 25 என்று நடலாம். 100 சதுர மீட்டருக்கு 2,500 கிழங்கு. செலவு இங்கேதான் ஏறும். விதை மலிவு, ஆனால் பூக்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். முதல் ஆண்டு நாற்று புல்லைப் போலவே இருக்கும். விவரம் தெரியாதவர் களையென்று பிடுங்கிவிடுவார். விதை உதிர்ந்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டியதை அங்கேயே விட்டால் மண் கொழுத்து அயல்புற்கள் மேலோங்கும், அள்ளிவிடுங்கள். மான்களும் பூக்களை மேயும்.

பெரிய ஆபத்து வேறு. நச்சுக் காமாஸ் என்ற செடியின் பூ வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளை; பூ இல்லாதபோது கிழங்கை வைத்துப் பிரித்தறிவது மிகக் கடினம். உண்ணும் பாத்தி என்றால் மூலம் தெரிந்த விதை மட்டுமே. சாலையோர மண்ணில் ஈயப் பரிசோதனையும் கட்டாயம்.

மழைத்தோட்டம் கூரைநீரை உறிஞ்சும் பள்ளம். 200 சதுர மீட்டர் கூரையில் 25 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர். 30 சதுர மீட்டர் பள்ளத்தில் 15 செ.மீ. உயரம் நீர் நின்றால் 4,500 லிட்டர் அடங்கும். மீதிக்கு வழிந்தோடி வைக்க வேண்டும். முதலில் 30 செ.மீ. குழி தோண்டி நீர் ஊற்றிப் பாருங்கள். ஒரு நாளில் வடியாத களிமண்ணானால், கோரை நடும் பள்ளத்தின் அடியில் துளைக்குழாய் வேண்டும்.

அந்தக் கோரையைக் கூடை பின்ன வெட்டுவார்களா என்றும் கேட்க வேண்டும். பின்னுபவர்கள் இழையை வாயில் கடித்துப் பிடிப்பதுண்டு. வாகன நிறுத்தத்தின் எண்ணெயும் உலோகத்தூளும் வந்து சேரும் பள்ளத்தில் வளர்ந்த கோரை அதற்கு ஆகாது. ஆகவே நிறுத்தத்து நீர் ஒரு பள்ளத்துக்கும், கூரைநீர் அறுவடைக்கோரைப் பள்ளத்துக்கும் தனித்தனியே போகட்டும். செம்புத் தகடோ துத்தநாகப் பூச்சோ உள்ள கூரையானால் இரண்டாவது பள்ளத்திலும் அறுவடையைக் கைவிடுங்கள்.

எங்கள் தேர்வு: வெயில்படும் மேட்டில் காமாஸ், கூரைநீர் இறங்கும் குழாயடியில் மழைத்தோட்டம். களைக்கொல்லித் தடையையும் அறுவடை உரிமையையும் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆலோசனை சொல்லும் மூத்தோருக்கான மதிப்பூதியம் முதல் பட்ஜெட்டிலேயே இருக்க வேண்டும். செடிப் பலகையில் எந்த அறிவைப் பொதுவில் எழுதலாம் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.