எ லிட்டில் நைட் மியூசிக்: 1973 ஆல்பத்தில் தொடங்குங்கள்

காதல் சிக்கலை வைத்து எழுதிய மேடை இசை நாடகங்களில் ஒன்றைத்தான் சொல்லலாம் என்றால், யோசிக்காமல் 'எ லிட்டில் நைட் மியூசிக்' என்பேன். இசையும் பாடல் வரிகளும் ஸ்டீவன் சோண்ட்ஹைம், வசனம் ஹ்யூ வீலர், இயக்கம் ஹரால்ட் பிரின்ஸ். 1973 பிப்ரவரியில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் அரங்கேறி 601 காட்சிகள் ஓடியது, அந்த வருடம் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதும் (பிராட்வே நாடகங்களுக்கான பெரிய விருது) வாங்கியது. கதைக்கு மூலம் இங்மார் பெர்க்மன் 1955இல் எடுத்த ஒரு ஸ்வீடிஷ் படம். நான் இங்கே எழுதுவது அந்த முதல் குழு பாடிப் பதிவு செய்த ஆல்பத்தைப் பற்றி. கூடவே 2009இல் மறுபடி மேடையேறியபோது வந்த ஆல்பத்தையும் கொஞ்சம் பேசலாம், ஏனென்றால் புதிதாகக் கேட்க வருகிறவர்கள் எதை எடுப்பது என்று குழம்புவது அந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

கதையைத் தெரிந்துகொண்டு கேட்டால்தான் ஆல்பம் பிடிபடும், அதனால் சுருக்கமாக. ஸ்வீடன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். ஃப்ரெட்ரிக் என்ற நடுத்தர வயது வக்கீல், ஆன் என்ற பதினெட்டு வயதுப் பெண்ணைக் கல்யாணம் செய்து பதினோரு மாதம் ஆகிறது, ஆனால் அவள் இன்னும் அவரை நெருங்க விடவில்லை. அவருடைய முதல் தாரத்து மகன் ஹென்ரிக், பாதிரியாராகப் படிக்கிறவன், சித்தி மேலேயே ஆசை வைத்துத் தவிக்கிறான். ஃப்ரெட்ரிக்கின் பழைய காதலி டெசிரே ஊர் ஊராக நாடகம் போடும் நடிகை. அவளை இப்போது வைத்திருப்பவன் கார்ல் மாக்னஸ் என்ற ராணுவக்காரப் பிரபு. அவனுக்கும் சார்லட் என்று ஒரு மனைவி உண்டு. இவர்கள் எல்லாரும் டெசிரேயின் தாயாருடைய கிராமத்து மாளிகையில் ஒரு வார இறுதிக்குக் கூடுகிறார்கள். யார் யாரோடு சேர்கிறார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

இந்த நாடகத்தில் கெட்டவர் என்று யாரும் இல்லை. இவர்களுக்கு இருக்கும் கஷ்டமெல்லாம் நேரம் பொருந்தாத கஷ்டம். ஒருவர் தயாராகும்போது மற்றவர் தயாராக இல்லை, அவர் தயாராகி வரும்போது இவர் கிளம்பிவிட்டார். இதை ஒரு பாத்திரமும் வாயைத் திறந்து சொல்வதில்லை, இசையே சொல்லிவிடுகிறது. அதுதான் எனக்கு இந்த வேலையில் தீராத பிரமிப்பு.

ஆரம்பத்திலேயே வரும் மூன்று பாடல்களைக் கவனித்துக் கேளுங்கள். முதலில் ஃப்ரெட்ரிக் பாடுகிறார், பாட்டின் பெயர் 'இப்போது'. மத்தியான நேரம், மனைவி பக்கத்தில்தான் இருக்கிறாள். அவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்று கோர்ட்டில் வாதாடுகிற மாதிரி இப்படிச் செய்தால் இது, அப்படிச் செய்தால் அது என்று வரிசையாகப் பிரித்துப் பிரித்து யோசித்து, கடைசியில் தூங்குவதே உத்தமம் என்ற முடிவுக்கு வருகிறார். அடுத்து ஹென்ரிக், செல்லோவை வைத்துக்கொண்டு பாடுவது 'அப்புறம்'. எதைக் கேட்டாலும் எல்லாரும் அப்புறம் அப்புறம் என்றே சொல்கிறார்கள் என்று வெடிக்கிறான். மூன்றாவதாக ஆன் பாடுவது 'சீக்கிரம்', சீக்கிரமே உங்களுக்கு நல்ல மனைவியாக இருப்பேன் என்று தூங்குகிற கணவனைப் பார்த்து. மூன்றும் வேறு வேறு மெட்டு, வேறு வேறு சுபாவம். ஆனால் ஆனின் பாட்டு போய்க்கொண்டிருக்கும்போதே மற்ற இரண்டும் ஒவ்வொன்றாக வந்து சேர, மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகின்றன. ஒரே வீட்டில் மூன்று பேர் மூன்று காலத்தில் இருக்கிறார்கள், ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்பதில்லை, கேட்கிற நமக்கு மட்டும் அது ஒரே பாட்டு. முடியும்போது தூக்கத்தில் ஃப்ரெட்ரிக் முணுமுணுக்கிற பெயர் டெசிரே.

அப்புறம் தாளம். கிட்டத்தட்ட எல்லாப் பாட்டும் மூன்றின் கணக்கில்தான் போகிறது. வால்ட்ஸ் என்ற ஜோடி நடனத்தின் தாளம், அல்லது மூன்றின் மடங்கு. நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை, தகிட தகிட என்று. இரண்டு பேர் ஆடுகிற நடனத்துக்குரிய தாளத்தில் எப்போதும் மூன்றாவது ஆள் ஒருவர் நுழைந்துகொண்டே இருக்கிற கதை, அதனால் இந்தத் தேர்வு சும்மா ஒரு வித்தை என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரே தாளம் அலுத்துவிடுமே என்று பயப்பட வேண்டாம், ஒன்று நகைச்சுவையாக ஓடுகிறது, ஒன்று அணிவகுப்பு மாதிரி முறைக்கிறது, ஒன்று மெல்ல மூச்சு விடுகிறது. வாத்தியங்களுக்கு இசையமைத்த ஜோனதன் டியூனிக்குக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

சார்லட்டின் பாட்டு தனியாகச் சொல்லப்பட வேண்டியது. காதலியின் விஷயத்தைக் கணவனே அவளிடம் சொல்லி, அது சம்பந்தமாக ஒரு வேலைக்கும் அவளையே அனுப்புகிறான், அவளும் போகிறாள். போன இடத்தில் ஆனிடம், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைப் பற்றிப் பாடுகிறாள். அழுகை கிடையாது, குரல் உயர்வதும் கிடையாது, வீட்டு வேலையைப் பற்றிப் பேசுகிற அதே தொனி. பெட்ரிசியா எலியட் 1973 ஆல்பத்தில் இதைப் பாடியிருக்கும் விதத்துக்கு, அந்தப் பாத்திரத்துக்காக அவருக்குக் கிடைத்த டோனி விருது ரொம்ப நியாயம்.

எல்லாருக்கும் தெரிந்த பாட்டு 'செண்ட் இன் தி கிளவுன்ஸ்'. ஜூடி காலின்ஸ் பாடிய பதிப்பால் அது உலகம் முழுக்கப் போய், 1976இல் கிராமியில் அந்த ஆண்டின் சிறந்த பாடல் விருதையும் பெற்றது. ஆனால் அதைத் தனியாகக் கேட்டுவிட்டு ஒரு சோகப் பாட்டு என்று நகர்ந்தவர்கள் தயவுசெய்து இங்கே, அது இருக்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். டெசிரேயாக நடித்த கிளினிஸ் ஜான்ஸ் இழுத்துப் பாடக்கூடிய பாடகி இல்லை, நீண்ட ஸ்வரத்தைப் பிடித்து நிற்க அவர் குரல் இடம் தராது. சோண்ட்ஹைம் அதற்கேற்றபடி சின்னச் சின்ன வாக்கியங்களாக, பாதிக்குப் பாதி கேள்விகளாக எழுதினார், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்க இடம் விட்டு. கிளாரினெட் தனியாகத் தொடங்கும். அப்புறம் கரகரத்த, உடையப்போகிற அந்தக் குரல், தன்னையே ஒரு கேள்வி கேட்டு நிறுத்தும். வாழ்க்கையெல்லாம் மேடையில் சரியான சமயத்தில் நுழைந்து பழகிய நடிகை, சொந்த வாழ்க்கையில் தப்பான சமயத்தில் நுழைந்துவிட்டோம் என்று உணர்கிற இடம் அது. குரல் வளம் அதிகம் உள்ள எத்தனையோ பேர் பிறகு பாடிவிட்டார்கள், எனக்கு இதற்குப் பக்கத்தில் ஒன்றும் வரவில்லை.

2009 மேடையேற்றத்தின் ஆல்பத்தில் டெசிரேயாகப் பாடுவது கேத்தரின் ஸீட்டா ஜோன்ஸ், டெசிரேயின் தாயாராக ஏஞ்சலா லான்ஸ்பரி. ஸீட்டா ஜோன்ஸுக்கு அந்த வேடத்துக்கு டோனி கிடைத்தது, ஆனால் ஆல்பத்தில் அவர் ஒவ்வொரு வரியிலும் உணர்ச்சியை அழுத்திக் காட்டுகிறார் என்பது என் எண்ணம், இந்தப் பாட்டுக்கு அது வேண்டாம். லான்ஸ்பரி அபாரம். பழைய காதல்களை வியாபாரக் கணக்கு மாதிரி நினைத்துப் பார்க்கிற 'லையேசன்ஸ்' பாட்டை அவர் அவசரமே இல்லாமல் பாடுகிறார், அந்த ஒன்றுக்காகவே அந்த ஆல்பத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாத்தியக் குழுவைச் சின்னதாகச் சுருக்கிவிட்டதால் வால்ட்ஸ்களுக்கு வேண்டிய அந்தப் பளபளப்பு குறைகிறது. 1977இல் வந்த சினிமாவை விட்டுவிடலாம். கதையை ஆஸ்திரியாவுக்கு மாற்றியதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், 'லையேசன்ஸ்' பாட்டையும், வேலைக்காரப் பெண் பெட்ரா பாடும் பாட்டையும் வெட்டியதை எப்படிப் பொறுப்பது?

குறைகள் இருக்கின்றன. கார்ல் மாக்னஸ் கடைசி வரை மீசை முறுக்குகிற ஆளாகவே இருக்கிறான், அவனுக்குள் போய்ப் பார்க்க வசனகர்த்தாவுக்கு மனம் வரவில்லை. ஆனுக்கும் இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். நடுத்தர வயதுக்காரர் பதினெட்டு வயதுப் பெண்ணைக் கட்டிக்கொண்டதை நாடகம் நகைச்சுவையாகவே கடந்து போவது இன்று எனக்கு உறுத்துகிறது. இரண்டாம் பாகத் தொடக்கம், சூரியன் மறையவே மாட்டேன் என்கிறது என்று பாடுகிற பகுதி, ஆல்பமாகக் கேட்கும்போது தொய்கிறது.

வரிகள் வேகமாக ஓடும், எதுகை எதுகையாக அடுக்கும், முதல் தடவை பாதி காதில் விழாது. பாடல் வரிகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, முதல் பாகம் முடிகிற 'எ வீக்எண்ட் இன் தி கன்ட்ரி' வரை ஒரே மூச்சில் கேளுங்கள். அழைப்பிதழ் ஒன்று வருகிறது, போகலாமா வேண்டாமா என்று இரண்டு வீட்டிலும் சண்டை, கடைசியில் அத்தனை பேரும் மூட்டை கட்டுகிறார்கள், அவ்வளவுதான் விஷயம், ஆனால் குரல் மேல் குரலாக ஏறி முடியும்போது இரண்டாம் பாகத்தைப் போடாமல் இருக்க முடியாது. அதற்கப்புறமும் பிடிக்கவில்லை என்றால் இது உங்களுக்கான நாடகம் இல்லை, விட்டுவிடலாம்.