6,800 ரூபாய்க்கு ஒரு கைகர் கவுண்டர், மணவாளக்குறிச்சிக் கருமணலில் ஒரு மாதம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். உள்ளங்கையில் அடங்குகிற, கதிர்வீச்சை அளக்கும் கருவி. பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை, இந்த விலையில் வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே ரகம்தான்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம், குளச்சல் பக்கம். கருமணல், மணல் ஆலை, கேன்சர் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லக் கேட்டே வளர்ந்தவன், யார் பேச்சையும் நம்பாமல் நாமே அளந்துவிடலாம் என்று வாங்கினேன்.

வீட்டுத் திண்ணையில் மணிக்கு 0.15 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படுகிற கதிர்வீச்சுக்கான அளவு). மணவாளக்குறிச்சியில் அலை ஒதுக்கிப் போட்ட கருமணல் பட்டையில் வைத்ததுமே படபடவென்று கத்தி 1.7 காட்டியது. பக்கத்தில் கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "என்ன மக்கா, போன் கெட்டுப்போச்சா?" என்றார். விளக்கினேன். "நான் பொறந்ததே இது மேலதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஊசியை எடுத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரியே ஒரு முட்டாள்தனம் செய்தேன். 1.7-ஐ 8,760 மணி நேரத்தால் பெருக்கி, வருஷத்துக்கு 15 மில்லிசீவர்ட் (ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி), பொதுமக்களுக்கான வரம்பு 1, ஆகவே 15 மடங்கு என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன். அந்த 1 மில்லிசீவர்ட் இயற்கைக் கதிர்வீச்சுக்கான வரம்பே அல்ல, உரிமம் வாங்கி நடக்கும் ஆலையால் கூடுதலாக வருவதற்கு. மணலில் தானாக இருப்பது எவ்வளவு, ஆலைக் கழிவால் கூடியது எவ்வளவு என்று இந்தக் கருவி பிரித்துச் சொல்லாது. அப்புறம், யாரும் அலை விளிம்பில் 24 மணி நேரமும் படுத்துக் கிடப்பதும் இல்லை.

இன்னொன்று தற்செயலாகத் தெரிந்தது. எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் கருவியை வைத்தேன், 1.7 சட்டென்று 1.1 ஆனது. தோலோடு நின்றுவிடுகிற பீட்டா கதிரையும் சேர்த்து எண்ணிவிட்டு, எல்லாம் உடம்பை ஊடுருவுகிற காமா கதிர் என்று நினைத்து மைக்ரோசீவர்ட்டாக மாற்றிக் காட்டுகிறது. பெட்டியில் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

கருப்பாக இருப்பதெல்லாம் கதிர்வீசுகிறது என்றும் நினைக்க வேண்டாம். கருப்பு பெரும்பாலும் இல்மனைட் என்ற டைட்டானியத் தாது. முக்கியமான ஆசாமி அதற்குள் ஒளிந்திருக்கும் மோனசைட் என்ற தேன் நிறத் தாது, அதில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு கதிர்வீசும் தோரியத்தின் ஆக்சைடு. 2007-ல் இல்மனைட், ரூட்டைல், சிர்கான் போன்ற மணல் தாதுக்கள் எல்லாம் அணுசக்திச் சட்டத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலைவிட்டு வெளியே போய்விட்டன, மோனசைட் மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. ஆனால் மற்றதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுகிற கழிவில்தான் மோனசைட் செறிவாகச் சேரும். அதனால்தான் தாதுமணல் ஆலைகளுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும் தேவை. அங்கே கேட்கிற கணக்கே வேறு, ஒரு கிராமில் எத்தனை பெக்கரல், அதாவது நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பது. தோரியம், யுரேனிய வரிசைகளுக்குச் சர்வதேச அணுசக்தி முகமை கட்டுப்பாடு தேவையா என்று பார்க்க வைத்திருக்கும் எல்லை கிராமுக்கு 1 பெக்கரல், சுத்தமான மோனசைட்டில் தோரியம் மட்டுமே சுமார் 300. இந்தக் கருவி பெக்கரலைத் தொடவே தொடாது. ஆலைத் தொழிலாளி மூச்சில் இழுக்கிற தூசியும், தோரியத்திலிருந்து வரும் தோரான் என்ற கதிர்வீசும் வாயுவும் இதற்குத் தெரியாது. அதற்கெல்லாம் காற்று மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். கருவியைக் காட்டி மனு எழுதலாம் என்று ஆசைப்பட்டேன், அந்த ஆசை அதோடு சரி.

அப்படியென்றால் எதற்கு உதவும்? ஒரு இடத்தையும் இன்னொரு இடத்தையும் ஒப்பிட. எங்கள் சமையல் மேடை கிரானைட்டில் 0.28, வாசல் மண்ணில் அதில் பாதி. அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் ஒழுங்காகக் காட்டியது, பேட்டரியும் நான்கு நாள் தாங்கியது.

குறைகள்: வெயிலில் திரை சுத்தமாகத் தெரியாது. அலாரம் 0.5-லேயே கத்தும், எங்கள் ஊரில் அதை வைத்துக்கொண்டு கரையில் நடக்க முடியாது. மூன்றாவது வாரத்தில் சார்ஜ் ஏறுவது நின்றுபோனது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி போட்டோ அனுப்பினேன். சார்ஜர் துளைக்குள் மணல் போயிருக்கிறது, எடுக்க மாட்டோம் என்று பதில் வந்தது.