முறிகண்டி தாண்டாத வான்: 86,000 ரூபாய் போன கதை

86,000 ரூபாய். கதை கேட்க நேரமில்லாதவர்கள் இந்தத் தொகையை மட்டும் வாசித்துவிட்டு, முகநூலில் வாடகை வான் பிடிக்கிற எண்ணம் இருந்தால் அதைக் கைவிட்டுவிட்டுப் போங்கள். மிச்சப் பேர் இருங்கள், கடைசியில் விவரமாக ஆலோசனையும் எழுதுகிறேன்.

அக்கா குடும்பம் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வந்து நிற்கிறது. பிள்ளைகள் கிளிநொச்சியைத் தவிர இந்த நாட்டில் ஒன்றும் பார்த்ததில்லை. பழைய இடங்களை நாலு நாளில் சுற்றிக் காட்டுகிறேன் என்று வாய் கொடுத்தது நான்தான். முதல் நாள் திருக்கேதீச்சரம், மன்னார்க் கோட்டை, அரிப்புக் கடற்கரையில் அல்லிராணிக் கோட்டை. இரண்டாம் நாள் அநுராதபுரம். பிறகு பொலன்னறுவை, சிகிரியா, கடைசியில் திருகோணமலைக் கோணேசர் கோயில். ஒன்பது பேர், அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், பஸ் சரிவராது.

அகப்பட்டது வவுனியா விலாசம் போட்ட ஒரு முகநூல் சுற்றுலாப் பக்கம். கடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை, இரண்டு வான் படமும் ஒரு வாட்ஸ்அப் இலக்கமும்தான். நீங்கள் சிரிக்கலாம். நான் விழுந்தது விலையில் இல்லை, பேச்சில். "அல்லிராணிக் கோட்டையும் பார்க்கவேணும்" என்று நான் எழுத, உடனே குரல் பதிவு வந்தது: "அண்ணை, சனம் அப்பிடித்தான் சொல்லுறது. ஆனால் அந்த இடிஞ்ச மாளிகை வெள்ளைக்கார ஆளுநர் நோர்த் கட்டினது, முத்துக்குளிப்புக்கு வந்து நிக்கிறதுக்கு. கடல் அரிச்சுக்கொண்டு வருது. வெயில் சாயப் போவம், பிள்ளையளுக்கு வடிவாய் இருக்கும்." 1803இல் வன்னி அரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும் இதே நோர்த் காலத்தில்தான் என்று நானும் உற்சாகத்தில் பதில் போட்டேன். "அண்ணை ஆசிரியரோ?" என்று கேட்டார். போதுமே எனக்கு.

பொலன்னறுவையில் சோழர் காலத்து வானவன்மாதேவி ஈச்சரம் இருக்கிறது, முழுக்கக் கல்லால் கட்டியது. புத்தரின் தந்ததாதுவை, அதாவது புனிதப் பல்லைக் காப்போம் என்று படையினர் தமிழில் வெட்டிவைத்த கல்லும் அங்கே நிற்கிறது. இரண்டையும் திட்டத்தில் அவரே சேர்த்தார். "வேலைக்காரர் கல்வெட்டு" என்றார். வேளைக்காரர், அதுதான் அந்தப் படையின் பெயர் என்று நான் திருத்தினேன். எங்கேயோ கேட்டதைத் திருப்பி ஒப்பிக்கிற ஆள் என்று அந்த ஓர் எழுத்திலேயே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானோ பாவம், தெரியாத பெடியன் என்று இன்னும் இரக்கப்பட்டேன்!

வான், அறை, நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 1,72,000. பாதி முதலே வேண்டுமாம், "இல்லாட்டி அறையைப் பிடிச்சு வைக்கமாட்டினம் அண்ணை." கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. தங்கச்சி என்றார். காலபோக நெல் விற்று அம்மா வைத்திருந்த காசிலிருந்து 86,000 போட்டேன்.

குறித்த நாள் விடிய நாலரைக்கு எல்லாரும் வாசலில். அம்மா இரவிரவாக அவித்த புட்டு, வாழையிலைப் பொதியில் சூடாறாமல் இருந்தது. ஐந்து மணிக்கு அவருக்குப் போன் எடுத்தேன்: "றைவர் மாங்குளம் தாண்டிட்டார்." ஐந்தே முக்காலுக்கு: "முறிகண்டியிலை தேங்காய் உடைக்கிறார் அண்ணை." ஏ9 வீதியில் வருகிற எந்த வாகனம் அந்தப் பிள்ளையாரிடம் நிற்காமல் போகும்? நம்பினேன். ஏழு மணிக்குப் போன் நின்றுவிட்டது.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முறிகண்டிக்கே போனேன். கச்சான் விற்கிற அம்மா சுளகில் புடைத்துக்கொண்டே, "வானோ தம்பி? விடியத் தொடங்கி எத்தினை வான் வந்து போச்சு" என்றா. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வெட்கமாக இருந்தது. ஒரு சரை கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

மத்தியானம் ஒரு தகவல்: கிளச் பழுது. அடுத்த நாள்: மனேஜர் கொழும்பில். மூன்றாம் நாள்: ஏழு வேலைநாளில் காசு வரும். நாலாம் நாள் வந்ததை அப்படியே தருகிறேன்: "பயணத்தைத் தாங்கள் இரத்துச் செய்தபடியால் முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது." நான் இரத்துச் செய்தேனாம்! புட்டுப் பொதியோடு வாசலில் நின்றது யார்? அதற்குப் பிறகு என்னை புளொக் செய்துவிட்டார்.

வங்கியில் கேட்டால், நீங்களாகப் போட்ட காசு என்கிறார்கள். பொலிஸில் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு வானின் இலக்கம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. படங்களில் இலக்கத்தகடு மறைத்திருப்பதை அங்கே நின்றுதான் கவனித்தேன். அம்மா இதை ரூபாயாகக் கேட்பதில்லை. "எத்தினை மூட்டை மோனை அது?" என்கிறா. 86,000 அம்மா, 86,000.

ஆலோசனை என்று பெரிதாகச் சொன்னேன், எழுத மனம் ஓடவில்லை. வானை நேரில் போய்ப் பாருங்கள், இலக்கத்தைப் படம் எடுங்கள். தனி ஆளின் கணக்குக்கு ஐந்து சதமும் போடாதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரருக்குச் சீட்டு டொலர் கணக்கு, சிகிரியாவுக்கு மட்டும் பெரியவர் ஒருவருக்கு முப்பது டொலருக்குக் குறையாது. அதையும் சேர்த்து மலிவு விலை சொன்னால் அங்கேயே எழும்பி வாருங்கள். அவ்வளவுதான்.

இதை எழுதும்போது மருமகள் தன் போனைக் கொண்டுவந்து காட்டுகிறாள். அந்தப் பக்கத்தில் இன்று காலை புதுப் படம்: சிகிரியாவின் முன்னால் அதே வான். கீழே யாரோ ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா, "பத்துப் பேருக்கு எவ்வளவு வரும் அண்ணா?"