பூத் ஜோலோக்கியா விதை என்று சொல்லி ரூ.1,850 பறித்துவிட்டார்கள்: மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இணையத்தில் காரமிளகாய் விதை வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பூத் ஜோலோக்கியா ஒரு பாக்கெட், கரோலினா ரீப்பர் ஒரு பாக்கெட், இரண்டும் உலகின் மிகக் காரமான மிளகாய் ரகங்கள். இரண்டுக்கும் சேர்த்து நான் கொடுத்தது ரூ.1,850. ஆடிப்பட்டத்தில் விதைத்தேன். இன்று காலையில்தான் முதல் பழத்தைப் பறித்து அறுத்துப் பார்த்தேன். அது பூத் ஜோலோக்கியாவே இல்லை. கடையில் கொத்தமல்லிக்கட்டோடு சேர்த்துக் கொசுறாகக் கொடுக்கிற சாதாரண மிளகாய். ரீப்பரில் ஒரு விதைகூட முளைக்கவில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நல்ல விதையை எப்படி அடையாளம் காண்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

விற்றவர் பெயரை இங்கே எழுதவில்லை. பல விற்பனையாளர்கள் ஒன்றாக விற்கும் பெரிய இணையச் சந்தை ஒன்றில், அரிய விதைகள் மட்டும் விற்பதாகச் சொல்லும் ஒரு கடை அது. பக்கத்துக்குப் பக்கம் ஐந்து நட்சத்திரம், "நூறு சதவீதம் அசல்" என்ற வாசகம், பழங்களின் பளபளப்பான படங்கள். இப்படிப்பட்ட கடைகள் இப்போது ஏராளம்.

என் தம்பி திமாப்பூரில் வேலை பார்த்தபோது ஒருமுறை ராஜா மிளகாய் ஊறுகாய் கொண்டுவந்தான். நாகாலாந்தில் அப்படிச் சொல்வதைத்தான் அசாமில் பூத் ஜோலோக்கியா என்கிறார்கள். 2007-இல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸ் சாதனையில் ஏறியது இதுதான். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் பத்து லட்சத்தைத் தாண்டியது. ஆனால் எனக்குப் பிடித்தது காரம் அல்ல, அதன் வாசனை. பழுத்த பழத்தின் வாசனை அந்த மிளகாய்க்கு உண்டு. மூடியைத் திறந்ததும் அறை முழுக்கப் பரவியது. பல ஆண்டுகளாக மாடியில் ராமநாதபுரம் முண்டு மிளகாய் வளர்த்துவருகிறேன். இதையும் ஒரு பட்டம் வளர்த்துப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அப்போதே வந்துவிட்டது.

பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கடைக்காரரிடம் தொலைபேசியில் பேசினேன். அந்தப் பேச்சுதான் என்னை நம்ப வைத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. மாடியில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, நிழல்வலை இருக்கிறதா, குழித்தட்டில் விதைப்பீர்களா நேரடியாகப் பையில் போடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தனை விவரம் கேட்ட விதைக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இது சைனென்ஸ் வகை அக்கா, முளைக்க மூன்று வாரம், நான்கு வாரம்கூட ஆகும், பொறுமையாக இருங்கள்" என்றார். அது உண்மை. சைனென்ஸ் என்பது பூத் ஜோலோக்கியாவும் ரீப்பரும் சேர்ந்த மிளகாய் இனம். நம் ஊர் மிளகாய் வேறு இனம், பத்து நாளில் முளைத்துவிடும், அந்த வகை அப்படி முளைக்காது. உண்மையைச் சொல்கிறவர், விவரம் தெரிந்தவர் என்ற எண்ணம் எனக்கு அங்கேதான் வந்தது.

அதோடு ஒரு வீடியோவும் அனுப்பினார். உள்ளங்கையில் சுருக்கம் விழுந்த சிவப்புப் பழம். கத்தியால் நீளவாக்கில் பிளக்கிறார். உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் நடுத்தசை மஞ்சளாக, எண்ணெய் துளிர்த்துப் பளபளக்கிறது. காரம் இருப்பது விதையில் அல்ல, அந்தத் தசையில்தான் என்று சரியாக விளக்கினார். "இந்தப் பழத்து விதையைத்தான் உங்களுக்கு அனுப்பப் போகிறேன். ஒரு விதை முளைக்காவிட்டாலும் சொல்லுங்கள் அக்கா, என் செலவில் மாற்றித் தருகிறேன்" என்றார். அன்றே ரூ.1,850 அனுப்பினேன்.

வந்தது இரண்டு சின்ன பிளாஸ்டிக் உறை. முன்பக்கம் வண்ணப்படம் ஒட்டியிருந்தது. பின்பக்கம் ஒன்றுமே இல்லை. எந்தத் தொகுப்பில் வந்த விதை என்று காட்டும் குவியல் எண், பரிசோதித்த தேதி, முளைப்புத் திறன் எதுவும் இல்லை. ரீப்பர் விதைகள் பழுப்பேறி, ஓரம் சுருண்டு கிடந்தன. புது மிளகாய் விதை வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருக்கும். உடனே படம் எடுத்து அனுப்பினேன். "காரமான ரகங்களில் விதை நிறம் அப்படித்தான் அக்கா" என்று பதில் வந்தது.

ஒரே குழித்தட்டில், ஒரே தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, ஒரு வரிசை பூத் ஜோலோக்கியா, ஒரு வரிசை ரீப்பர், ஒரு வரிசை என் முண்டு மிளகாய் போட்டேன். முண்டு வழக்கம்போல வந்தது. அதே நேரத்தில் பூத் ஜோலோக்கியாவும் வந்துவிட்டது! நான்கு வாரம் ஆகும் என்று அவரே சொன்ன விதை, முண்டோடு சேர்ந்து எப்படித் தலைதூக்கும்? கேட்டேன். "உங்கள் கைராசி அக்கா" என்றார். ரீப்பர் வரிசை மட்டும் வெறுமையாகவே கிடந்தது. மாதம் கடந்தும் ஒன்றும் இல்லை. கிளறிப் பார்த்தால் விதைகள் கூழாகியிருந்தன.

அதன் பிறகு தொடங்கிய சாக்குகளைக் கேளுங்கள். முதலில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்றார். பிறகு தென்னை நார்க் கழிவில் உப்பு இருக்கிறது, அலசாமல் போட்டிருப்பீர்கள் என்றார். அலசாத நாரில் உப்பு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதே தட்டில், அதே கலவையில் முண்டு முழு வரிசையும் முளைத்து நிற்கிறதே, அதற்கு என்ன பதில் என்று படத்தோடு கேட்டேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

செடி வளர வளரச் சந்தேகம் உறுதியானது. சைனென்ஸ் வகைக்கு இலை அகலமாக, சுருக்கம் விழுந்து இருக்கும். என் பையில் நின்றவற்றுக்கு இலை ஒடுக்கமாக, வழவழப்பாக இருந்தது. பூத்தபோது கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கணுவாகப் பார்த்தேன். பூத் ஜோலோக்கியாவுக்கு ஒரு கணுவில் இரண்டு, மூன்று பூ சேர்ந்து தொங்கும், இதழில் லேசான பச்சை ஓடும். இங்கே கணுவுக்கு ஒரே பூ, பால் வெள்ளை. காய் பிடித்த பிறகு காம்பைத் திருப்பிப் பார்த்தேன். சைனென்ஸில் காம்பும் புல்லிவட்டமும் (காயின் தலையில் இருக்கும் பச்சைத் தொப்பி) சேரும் இடத்தில் நூல் கட்டி இறுக்கியதுபோல ஒரு வளையம் தெரியும். எந்தக் காயிலும் அது இல்லை.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். "முதல் பூ அப்படித்தான் இருக்கும், போகப் போக மாறும்" என்றார். காய் விரல் நீளத்துக்கு நேராக, வழவழவென்று வந்ததும் அடுத்த கதை வந்தது. பக்கத்தில் முண்டு வைத்திருக்கிறீர்கள், மகரந்தம் கலந்துவிட்டது, அதனால்தான் காய் மாறிவிட்டது என்றார். இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையாகவே கோபம் தலைக்கேறியது. மகரந்தம் கலந்தால் அந்தக் காயின் உள்ளே இருக்கும் விதைதான் கலப்பாகும். அதை அடுத்த பட்டம் விதைத்தால்தான் மாறிய செடி வரும். இந்தச் செடியில் காய்க்கும் காயின் வடிவம் இந்தச் செடியின் குணம். மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் பூத் ஜோலோக்கியா செடியில் சாதாரண மிளகாய் காய்க்காது. விதை விற்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்தேதான் சொன்னார். நான் இப்படி எழுதியனுப்பிய மறுநாள் அவருடைய முகப்புப் படம் மறைந்துவிட்டது. என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

சரி, இணையச் சந்தையிடம் போனேன். "திருப்பி அனுப்பும் காலக்கெடு ஏழு நாள், அது முடிந்துவிட்டது" என்றார்கள். முளைக்கவே நான்கு வாரம் ஆகும் பொருளுக்கு ஏழு நாள் கெடு! எந்த விதையும் உறையைப் பிரித்த மறுநாள் தன்னை யாரென்று காட்டாது. அசலா போலியா என்று தெரிய பூ வர வேண்டும், காய் வர வேண்டும். மாதக்கணக்காகும். போலி விதை விற்பவர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். கெடு தாண்டும்வரை "பொறுமை அக்கா, பொறுமை அக்கா" என்று இனிக்க இனிக்கப் பேசினால் போதும், அதற்குப் பிறகு யாரும் கேட்க முடியாது. அவர் எனக்குச் சொன்ன நான்கு வாரக் கணக்கு உண்மை என்பதுதான் வயிற்றெரிச்சல். ஓர் உண்மையை வைத்தே என்னைக் காத்திருக்க வைத்து ரூ.1,850-ஐ விழுங்கிவிட்டார்.

வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ஆள். ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒருவர், பிரிக்காத உறையின் படம் வேண்டும் என்றார். விதையைப் பிரிக்காமல் எப்படி விதைப்பது? இன்னொருவர், உயிருள்ள பொருளுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுக் குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்ந்தது? என் ரூ.1,850 வந்ததா? ஒற்றை நட்சத்திரம் போட்டு, பூவின் படத்தோடு மதிப்புரை எழுதினேன். விதிமுறைக்கு உட்படவில்லை என்று வெளியிட மறுத்துவிட்டார்கள். அந்த ஐந்து நட்சத்திரங்கள் எப்படி வந்தன என்று இப்போது புரிகிறது. விதை வந்த நாளிலேயே, "பேக்கிங் அருமை" என்று எழுதியவர்கள்தான் அங்கே நிறைந்திருக்கிறார்கள். காய்த்த பிறகு எழுதிய ஒருவரைக்கூடக் காணவில்லை.

இன்று காலை பழத்தை அறுத்தபோது தம்பியும் கூட இருந்தான். மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில் அந்த வாசனையே இல்லையே" என்றான். உள்ளே நடுத்தசை வெளுத்து, வறண்டு இருந்தது. ஒரு துளி எண்ணெய் இல்லை. பணத்தை விடுங்கள், ஒரு பட்டம் முழுக்கப் போனதை யார் தருவார்கள்? இலைப்பேன் வந்தபோது வேப்பெண்ணெய் தெளித்து, ஐப்பசி மழையில் பைகளை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்து வைத்துக் காப்பாற்றியது இந்த மிளகாய்க்கா?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உறையில் குவியல் எண்ணும் பரிசோதனைத் தேதியும் முளைப்புத் திறனும் இல்லையென்றால் தொடாதீர்கள். நம் நாட்டில் சான்று பெற்ற மிளகாய் விதைக்குக் குறைந்தது 60 சதவீத முளைப்புத் திறன் இருக்க வேண்டும். உறையைப் பிரிப்பதையும் விதைப்பதையும் வீடியோ எடுத்து வையுங்கள். நீல மிளகாய், வானவில் மிளகாய் என்று படம் போட்டு விற்கும் கடையை விட்டு உடனே வெளியேறுங்கள். பெப்பர் எக்ஸ் விதை என்று யாராவது விற்றால் அதையும் நம்பாதீர்கள். 2023-இல் அது உலகிலேயே காரமான மிளகாய் என்று சாதனை படைத்தபோதே, விதையை வெளியே கொடுக்கவில்லை என்று உருவாக்கியவர் சொல்லிவிட்டார். எனக்கு விற்ற கடையில் அதுவும் விற்பனைக்கு இருக்கிறது.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி இணையச் சந்தையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நான் பதிந்துவிட்டேன். அடுத்தது நுகர்வோர் ஆணையம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணம் கிடையாது. சிவப்புப் பழத்தைப் பிளக்கும் அதே வீடியோவைப் பார்த்து விதை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் ரசீதையும் வெற்று உறையையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். கீழே ஒரு வரி எழுதுங்கள், சேர்ந்தே மனுப் போடலாம்.