மாமரத்துக்குப் போட்ட ஒயர் ரோப்: ஓராண்டு கழித்து

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாமனார் வைத்த மாமரம் நிற்கிறது. 30 அடி உயரம். தரையிலிருந்து 5 அடியில் இரண்டாகப் பிரியும். கவட்டை அகன்று விரியாமல் இடுக்காக இருக்கும், பட்டை உள்ளே மடிந்து கிடக்கும். காற்றில் பிளப்பது இந்த மாதிரிக் கவட்டைதான்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் பிழைத்த மரம் இது. அப்போது ஆடிய ஒரு பக்கக் கிளையை ஜி.ஐ. கம்பியால் சுற்றி முறுக்கிக் கட்டினோம். அடியில் சைக்கிள் டியூப் வைத்தால் போதும் என்று நினைத்தோம். இலையில் உண்டாகும் சத்து பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். கிளை பருக்கப் பருக்கக் கம்பி அந்த வழியை நெரித்துவிட்டது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் அந்தக் கிளை, கம்பி புதைந்திருந்த அதே இடத்தில் முறிந்தது. பார்த்தபோது வயிறு எரிந்தது.

சரி, மீதியையாவது ஒழுங்காகக் காப்பாற்றுவோம், கவட்டை பிளக்காமல் இரண்டு பிரிவையும் மேலே ஒயர் ரோப்பால் (இரும்புக் கம்பி வடம்) இணைப்போம் என்று முதுநகரில் விசைப்படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். நான் பளபளவென்றிருந்த ஐ போல்ட்டை (தலையில் வளையம் உள்ள போல்ட்) எடுத்ததும் கடைப் பெரியவர் தடுத்தார்: "அதை வைங்கம்மா, மேல்பூச்சுதான். உப்புக்காத்துல நிக்காது." மங்கலாக, சொரசொரப்பாக இருந்ததைக் காட்டினார். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, பூச்சு கனமாக இருக்கும். விலை கூடுதல்தான். ஆனால் ஓராண்டாகியும் அதில் துருவே இல்லை. வளையம் மூடி ஒட்டியதாக இருக்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. வெறுமனே வளைத்த வளையம் இழுப்பில் விரிந்துவிடும்.

வாங்கியவை: 8 மி.மீ. ஒயர் ரோப், 12 மி.மீ. ஐ போல்ட் இரண்டு, அகல வாஷர், ரோப் மடியும் இடத்தில் உள்ளே வைக்கும் திம்பிள், மடித்த முனையை ரோப்போடு சேர்த்துப் பிடிக்கும் யூ கிளாம்ப் ஆறு, திருகி ரோப்பை இறுக்கும் டர்ன்பக்கிள் ஒன்று. ரோப்புக்குக் குறையே சொல்ல மாட்டேன்.

கட்டும் இடம்தான் முக்கியம். கவட்டைக்குப் பக்கத்தில் கட்டிப் பயனில்லை. கவட்டையிலிருந்து உச்சி வரை உள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மேலே, எங்கள் மரத்தில் தரையிலிருந்து சுமார் 22 அடியில், 6 அங்குலத் தடிமனுள்ள இரண்டு கிளைகளையும் துளைத்துப் போல்ட்டை மறுபக்கம் வரை விட்டு வாஷரும் நட்டும் போட்டோம். மரத்தைத் துளைப்பதா என்று மாமியார் பதறினார். துளையைச் சுற்றி மரம் தானே தசை வளர்த்து மூடிக்கொள்கிறது, சுற்றிக் கட்டுவதுபோல் நெரிப்பதில்லை. இப்போது வாஷர் விளிம்பில் பட்டை ஏறிவருவதை அவருக்கே காட்டினேன். ரோப்பை விறைக்க இழுக்கக் கூடாது. தொய்வு போனால் போதும், மரம் கொஞ்சம் ஆடத்தான் வேண்டும். நுனிக் கிளைகளைக் கழித்துப் பாரத்தையும் குறைத்தோம்.

இனி குறைகள். முதலாவது யூ கிளாம்ப். வார்ப்பு இரும்பு, பூச்சு மெல்லிசு, ஆறில் நான்கில் துரு. அதோடு மரமேறும் தம்பி இரண்டைத் திருப்பிப் போட்டிருந்தார். வளைந்த யூ பக்கம் ரோப்பின் வெட்டு முனை மேல்தான் உட்கார வேண்டும். பாரம் தாங்கும் நீளப் பக்கத்தில் உட்கார்ந்தால் அங்கே இழைகள் நசுங்கும். போட்ட சில நாளில் எல்லா நட்டையும் மறுபடி முறுக்கவும் வேண்டும், பாரம் ஏறியதும் ரோப் சற்று மெலியும்.

இரண்டாவது டர்ன்பக்கிள். கிளை ஆட ஆட அது தானாகக் கழன்றுகொண்டே வந்தது. தை மாதம் ஏறிப் பார்த்தபோது ரோப் தொங்கியது. கம்பி கோத்துப் பூட்டினோம். இன்னொரு மரத்துக்குச் செய்தால் அதை வாங்கவே மாட்டேன். இரண்டு கிளைகளையும் கயிற்றால் லேசாக இழுத்துப் பிடித்து, ரோப்பை மாட்டி, கயிற்றை அவிழ்த்தால் தொய்வு தானே போய்விடும்.

அப்புறம் அந்த ஆறு கிளாம்ப்: ஆறையும் மாற்றப்போகிறேன். இந்த முறை அடித்துச் செய்த இரும்பில், முக்கியெடுத்த பூச்சோடு வேண்டும் என்று பெரியவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.