மின் இணைப்பா, வேதி இணைப்பா: நரம்புச் செல்கள் பேசிக்கொள்ளும் இரண்டு வழிகள்

முழங்காலுக்குக் கீழே மருத்துவர் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டுவார். கால் தானாக முன்னால் உதைக்கும். வெளியே தெரிவது ஒரு உதை, உள்ளே நடப்பதோ இரண்டு வேலை. தொடையின் முன்பக்கத் தசை சுருங்க வேண்டும். அதே நேரத்தில் பின்பக்கத் தசை தளர வேண்டும், அதுவும் சேர்ந்து இழுத்தால் கால் அசையாது. ஒரே தட்டிலிருந்து கிளம்பிய செய்தி, தண்டுவடத்தில் ஒரு நரம்புச் செல்லுக்கு "இழு" என்றும் இன்னொன்றுக்கு "இழுக்காதே" என்றும் போய்ச் சேருகிறது. இந்த "இழுக்காதே" எப்படிப் போகிறது என்ற கேள்விதான், நரம்பியலில் பல ஆண்டுகள் இழுத்துக்கொண்டிருந்த ஒரு வழக்கை முடித்துவைத்தது.

நம் மூளை ஒரே வலையாகப் பின்னிய கம்பிச் சுருள் இல்லை. சுமார் 8,600 கோடி தனித்தனி நரம்புச் செல்கள். ஒன்றின் முனை மற்றொன்றைச் சந்திக்கும் இடத்துக்கு 1897-இல் சார்லஸ் ஷெரிங்டன் வைத்த பெயர் சினாப்ஸ். செல்லுக்குள் செய்தி மின்துடிப்பாக ஓடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. சந்திப்பை அது எப்படிக் கடக்கிறது என்பதில்தான் சண்டை. மின்சாரமாகவே தாவுகிறதா, இல்லை அங்கே ஏதாவது ஒரு ரசாயனம் ஊறி வழிகிறதா?

ரசாயனக் கட்சிக்குக் கிடைத்த முதல் பலமான சாட்சி தவளையின் இதயம். 1921-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஆட்டோ லோவி, துடித்துக்கொண்டிருந்த இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றில், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பைத் தூண்டியதும் துடிப்பு மெதுவானது. அந்த இதயம் ஊறியிருந்த உப்புநீரை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதை எந்த நரம்பும் தூண்டவில்லை, ஆனாலும் அதன் துடிப்பும் மெதுவானது. அப்படியானால் நரம்பு எதையோ தண்ணீரில் விட்டிருக்கிறது! அது அசிட்டைல்கோலின் என்று பின்னால் உறுதியானது. லோவிக்கும் லண்டனின் ஹென்றி டேலுக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மின்சாரக் கட்சியின் பெரிய குரல், ஷெரிங்டனின் மாணவரான ஆஸ்திரேலியர் ஜான் எக்கிள்ஸ். அவருடைய வாதத்திலும் நியாயம் இருந்தது. இதயம் மெதுவாக வேலை செய்யும் உறுப்பு, அங்கே ரசாயனம் ஊறி வரும்வரை காத்திருக்கலாம். தண்டுவடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் வேலை முடிகிறதே, அந்த வேகத்துக்கு ரசாயனம் எப்படி ஈடுகொடுக்கும் என்று கேட்டார்.

1951-இல் நியூசிலாந்தின் டனீடின் நகரில், எக்கிள்ஸும் அவருடைய இரண்டு சகாக்களும் பூனையின் தண்டுவடத்தில் ஒரு இயக்க நரம்புச் செல்லுக்குள்ளேயே நுண்ணிய கண்ணாடி முனையைச் செருகி, அந்த "இழுக்காதே" செய்தி வரும்போது என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். செல்லின் உட்புற மின்னழுத்தம் இன்னும் எதிர்மறையாக இறங்கியது. அவர் நம்பிய மின்சாரக் கணக்கில் இதற்கு இடமே இல்லை. ஏதோ ஒரு ரசாயனம் செல்லில் வேறொரு வாசலைத் திறந்தால்தான் இப்படி ஆகும். ஆண்டுக்கணக்கில் பேசி வந்ததை விட்டுவிட்டு, எதிர்க்கட்சி சொன்னதே சரி என்று ஏற்றுக்கொண்டார். தன் கையால் செய்த சோதனையிலேயே தன் கொள்கை விழுவதைப் பார்த்து அதை அப்படியே எழுதி வெளியிட்டாரே, எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை அதனால்தான். 1963-இல் அவருக்கும் நோபல் வந்தது.

சரி, வழக்கு முடிந்ததா என்றால் இல்லை. 1950-களின் கடைசியில், ரசாயனக் கடத்தலை நுணுக்கமாக அளந்து காட்டிய பெர்னார்ட் காட்ஸின் லண்டன் துறையிலேயே, எட்வின் ஃபர்ஷ்பானும் டேவிட் பாட்டரும் நன்னீர் இறால் வகை ஒன்றில் மின்சாரமாகவே தாவும் சினாப்ஸைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் பாலூட்டிகளிலும் அது இருப்பது தெரிந்தது. இரண்டு வழியுமே உண்மை. இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வேகத்தில் மின் இணைப்பை எதுவும் தொட முடியாது. இரண்டு செல்களுக்கும் நடுவே சுமார் 3.5 நானோமீட்டர்தான் இடைவெளி. கானெக்சின் என்ற புரதங்கள் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு வட்டமாகச் சேர்ந்து, நடுவில் ஒரு குழாயை உண்டாக்குகின்றன. அதன் வழியே மின்னூட்டத் துகள்கள் நேராக ஓடிவிடும். தாமதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. வேதி இணைப்பில் இடைவெளி 20 முதல் 40 நானோமீட்டர். மின்துடிப்பு வந்ததும் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும், ரசாயனப் பைகள் சவ்வோடு ஒட்டித் திறக்க வேண்டும், மூலக்கூறுகள் அக்கரை போய், அவற்றை வாங்கிக்கொள்ளும் புரதங்களான ஏற்பிகளில் உட்கார வேண்டும். வேகமாக நடந்தாலும் பொதுவாகக் குறைந்தது 0.3 மில்லி நொடி ஆகிவிடும். மூளையின் பல சினாப்ஸ்களில், துடிப்பு வந்தும் ஒரு பைகூடத் திறக்காமல் போவதும் உண்டு. செலவும் அதிகம். பைகளை நிரப்பவும், கொட்டியதை அள்ளவும், நுழைந்த துகள்களை வெளியே தள்ளவும் ஆற்றல் வேண்டும்.

இதை மட்டும் பார்த்தால் வேதி இணைப்பை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆனால் பாலூட்டியின் மூளை பெரும்பாலும் அதைத்தான் வைத்திருக்கிறது. காரணம் மூன்று என்று நினைக்கிறேன்.

ஒன்று, பெருக்கும் சக்தி. மெல்லிய நரம்பு முனையிலிருந்து பெரிய தசை நாருக்கு மின்சாரம் நேராகப் போனால், சொம்புத் தண்ணீரை ஏரியில் ஊற்றியது போல ஆகிவிடும். வேதி இணைப்பில் ஒவ்வொரு பையிலும் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் உண்டு. அவை திறப்பது தசையின் சொந்த வாசல்களை. அதனால் சின்ன முனை பெரிய நாரை அசைத்துவிடுகிறது.

இரண்டாவது, நாம் முதலில் பார்த்த அந்த "இழுக்காதே". மின் இணைப்பு தன் நிலையை அப்படியே பக்கத்துச் செல்லுக்குக் கொடுக்கும். இங்கே எழுச்சி என்றால் அங்கேயும் எழுச்சிதான், அதைத் தலைகீழாக்கித் தராது. வேதி இணைப்பில் எந்த ரசாயனம் வருகிறது, எந்த ஏற்பி அதை வாங்குகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். குளூட்டமேட் வந்தால் எழுப்பும், காபா வந்தால் அடக்கும். அடக்கத் தெரியாத மூளையில் எழுச்சி ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். வலிப்பில் நடப்பது கிட்டத்தட்ட அதுதான், வலிப்புக்குத் தரும் பல மருந்துகள் காபாவின் கையை வலுப்படுத்துவதும் அதனால்தான்.

மூன்றாவது, பழகும் குணம். 1973-இல் டிம் பிளிஸ், டெர்யே லோமோ இருவரும் முயலின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஒரு பாதையை அடுத்தடுத்து வேகமாகத் தூண்டிவிட்டு, அந்த சினாப்ஸ்கள் மணிக்கணக்கில் வலுவாக இருப்பதைக் காட்டினார்கள். நினைவு எப்படிப் பதிகிறது என்ற ஆராய்ச்சியில் பெரும்பகுதி அங்கிருந்து கிளைத்தது. மின் இணைப்பும் மாறவே மாறாது என்று சொல்ல முடியாது. விழித்திரையில் டோபமின் வந்தால் சில மின் இணைப்புகள் தளர்கின்றன. ஆனால் வேதி இணைப்பு அளவுக்கு நெகிழ்வு அதனிடம் இல்லை.

இத்தனை படிகள் இருப்பதே வேதி இணைப்பின் பலவீனமும். ஒவ்வொரு படியையும் ஏதோ ஒரு நஞ்சு குறிவைக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது பாடப்புத்தக விஷயம் இல்லை. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது இமை தொங்கும், அப்புறம் மூச்சுத் தசைகள் ஓயும். அந்த நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. நல்ல பாம்பின் நஞ்சு அக்கரையில் இருக்கும் ஏற்பியைப் போய் அடைக்கிறது. அதனால்தான் அசிட்டைல்கோலின் அளவைக் கூட்டும் நியோஸ்டிக்மின் ஊசி நல்ல பாம்புக் கடியில் உதவக்கூடும், கட்டுவிரியன் கடியில் பெரிதாக உதவாது. வயலில் அடிக்கும் ஆர்கனோபாஸ்பேட் பூச்சி மருந்து இன்னொரு படியைப் பிடிக்கிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை அது முடக்கிவிடும். எச்சில் வழிந்து, கண்மணி சுருங்கி, மூச்சுத் திணறி வருபவருக்கு மருத்துவர்கள் அட்ரோபின் ஏற்றுவது, குவிந்துகிடக்கும் அசிட்டைல்கோலினைச் சில ஏற்பிகளிலாவது தடுக்கத்தான்.

மின் இணைப்பைப் பாடப்புத்தகங்கள் "அரிது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு உறுத்தும். அது இருக்கும் இடங்களைப் பாருங்கள். மங்கிய வெளிச்சத்தில் கோல் செல்கள் பிடித்த ஒளி, விழித்திரையில் மின் இணைப்பு வழியாகத்தான் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. சிறுமூளைக்குத் தாளம் அனுப்பும் மூளைத்தண்டுச் செல்கள் அதைக் கொண்டுதான் ஒருமித்துத் துடிக்கின்றன. 1999-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், எலியின் பெருமூளைப் புறணியில் மற்றவற்றை அடக்கும் வேலை செய்யும் செல்கள் தங்களுக்குள் மின் இணைப்பு வைத்திருப்பதைக் காட்டின. மற்றவர்களுக்கு "நிறுத்து" சொல்பவர்கள் ஒரே நேரத்தில் சொன்னால்தான் எடுபடும். அந்த ஒருமிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

எது முக்கியம் என்பதைச் சுண்டெலிகளிலேயே பார்த்திருக்கிறார்கள். நரம்புச் செல்களின் மின் இணைப்புக்கு வேண்டிய கானெக்சின் 36 இல்லாமல் பிறந்த எலிகள் பிழைத்தன, வளர்ந்தன. மங்கிய வெளிச்சத்துக்கான பார்வைப் பாதை பழுதாகியிருந்தது. ரசாயனப் பைகள் திறக்கத் தேவையான மங்க் 18 என்ற புரதம் இல்லாத எலிகளைப் பற்றிய ஆய்வு 2000-இல் வந்தது. கருவில் அவற்றின் மூளை ஒழுங்காகவே உருவாகியிருந்தது. அடுக்குகளும் இருந்தன, சினாப்ஸ்களும் இருந்தன, ஒன்றிலிருந்தும் ஒரு சொட்டு ரசாயனம் வெளியே வரவில்லை. ஆனாலும் பிறக்கும்வரை உயிரோடு இருந்தன, ஏனென்றால் இதயத் தசைச் செல்கள் துடிப்பைத் தங்களுக்குள் மின் இணைப்பு வழியாகவே கடத்திக்கொள்ளும். மூச்சு அப்படி இல்லை. நரம்பு அசிட்டைல்கோலினைக் கொட்டினால்தான் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்கும். பிறந்த உடனே அவை இறந்துபோயின.