வலி மாத்திரையோடு தேனீப் பிசின் சொட்டு: ஏமாந்துவிடாதீர்கள்

வீட்டில் யாராவது மூட்டுவலிக்குத் தொடர்ந்து மாத்திரை போடுகிறார்கள் என்றால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. டாக்டர் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை எழுதும்போதே, காலையில் வெறும் வயிற்றில் போட, அமிலத்தைக் குறைக்கும் கேஸ் மாத்திரையான பான்டோபிரசோலும் எழுதியிருந்தார். இயற்கைப் பொருள் கண்காட்சி ஒன்றில் புரோபோலிஸ் என்ற தேனீப் பிசின் சொட்டு விற்க ஸ்டால் போட்டிருந்தவர் அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "கேஸ் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்மா. இந்த புரோபோலிஸைத் தேன்ல பத்துச் சொட்டு விட்டுச் சாப்பிடுங்க, வயித்துக்குள்ள கோட்டிங் கொடுக்கும். அந்த மாத்திரையை நிறுத்திடுங்க" என்று சொல்லி, 30 மில்லி குப்பியை 1,450 ரூபாய்க்குத் தலையில் கட்டிவிட்டார். வலி மாத்திரையை மட்டும் தாராளமாகப் போடலாமாம். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

சில வாரங்களில் அம்மாவுக்கு மலம் தார் போலக் கறுப்பாகப் போக ஆரம்பித்தது. கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. தலைசுற்றி விழுந்த பிறகு எண்டோஸ்கோபி செய்தால், இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. ரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று.

இந்த வகை வலி மாத்திரை வயிற்றில் பட்டு அரிப்பதால் மட்டும் புண் வருவதில்லை. ரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளின் உற்பத்தியையே குறைத்துவிடுகிறது. ஊசியாகப் போட்டாலும் அதே ஆபத்துதான். அப்புறம் எந்தக் கோட்டிங் காப்பாற்றும்?

புரோபோலிஸ் என்பது தேனீக்கள் மரப் பிசினைக் கொண்டுவந்து கூட்டின் இடுக்குகளை அடைக்கும் பொருள். எலிகளுக்கு இண்டோமெதசின் என்ற இதே வகை வலி மருந்தைக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் அது புண்ணைக் குறைத்ததாக வந்திருக்கிறது. சரி, அதற்காக டாக்டர் எழுதிய மாத்திரைக்கு மாற்றாகிவிடுமா? தேனீப் பொருள் அலர்ஜி உள்ளவர்களுக்கு இதுவே வேறு வினையாகவும் முடியும்.

குப்பியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. வாயால் சொன்னதெல்லாம் மருந்து, லேபிளில் உணவு! குடற்புண்ணைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய வைத்தியங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். விற்றவரைக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

மலம் கறுத்தால், ரத்த வாந்தி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்படிக் குப்பி வாங்கியவர்கள் பில், நோட்டீஸ், குப்பி மூன்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுங்கள்.